ஈப்போவில் ஃபிரான்சைஸ் கடை திறக்கலாமா? கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும், ஆனால் ஊரில் கிடைக்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்க மனம் வரவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் ஈப்போ பிள்ளைகள் பலர் 30 வயதை நெருங்கும்போது இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "அப்போ சொந்தமா ஒரு கடை போட்டா என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. கூடவே ஃபிரான்சைஸ் விளம்பரமும் கைப்பேசியில் வந்துவிடும். பெயர் பெற்ற பிராண்ட், தயாரான சமையல் குறிப்பு, பயிற்சியும் அவர்களே தருவார்கள். நீங்கள் பணம் போட்டால் போதும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் பணம் மட்டுமல்ல. அப்பா 55 வயதில் ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து எடுத்த தொகை, அம்மா நகையை அடகு வைத்த தொகை, உங்கள் பெயரில் எடுத்த தனிநபர் கடன், இப்படி மூன்று நான்கு இடத்திலிருந்து சேர்ந்திருக்கும். கடை மூடினால் பிராண்டுக்கு ஒரு கிளை குறையும். உங்கள் வீட்டில் அப்பாவின் ஓய்வுக்காலமே குறையும். அதனால், எந்த பிராண்ட் என்று தேடுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது, ஊர் என்ன சொல்கிறது, கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில், நீங்கள் வாங்குவது என்ன?

ஃபிரான்சைஸ் வாங்கினால் பிராண்ட் உங்களுடையதாகாது. ஒரு பெயரையும் ஒரு முறையையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். அதற்காக மூன்று வகையில் பணம் கட்டுவீர்கள். தொடக்கத்தில் ஒரு முறை கட்டணம், மாதாமாதம் ராயல்டி, பல ஒப்பந்தங்களில் விளம்பர நிதி. இவை போக, கடையின் அலங்காரம், இயந்திரம், முதல் கட்டச் சரக்கு எல்லாம் உங்கள் செலவு. பல பிராண்டுகளில் மூலப்பொருளையும் தலைமையகத்திடமோ அது சொல்லும் விநியோகிப்பாளரிடமோதான் வாங்க வேண்டும். ராயல்டி 5 விழுக்காடுதான் என்று சந்தோஷப்படும் முன், மாவையும் சிரப்பையும் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். சில பிராண்டுகள் ராயல்டியைவிட சரக்கில்தான் அதிகம் சம்பாதிக்கின்றன.

மலேசியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. 1998-ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டம் 1999 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பின்னர் திருத்தப்பட்டு, கடுமையான விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழுள்ள ஃபிரான்சைஸ் பதிவாளர் இதைக் கவனிக்கிறார்.

இந்தச் சட்டத்தின்படி, பதிவு செய்யாமல் ஒரு பிராண்ட் உங்களுக்கு ஃபிரான்சைஸ் விற்கவே முடியாது. விற்றால் அது குற்றம். நீங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். எனவே முதல் வேலை, பதிவாளரின் மைஃபெக்ஸ் இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுவது. கடைப் பெயரை மட்டும் தேடாதீர்கள். ஒப்பந்தத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். வெளிநாட்டு பிராண்ட் என்றால், உங்களிடம் பேசுபவர் அதன் மலேசிய உரிமையாளரா, வெறும் முகவரா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. "பிரதர், இது ஃபிரான்சைஸ் இல்ல, லைசன்ஸ்தான், அதனால பதிவெல்லாம் வேணாம்" என்பார்கள். சிலர் "பார்ட்னர்ஷிப்" என்பார்கள், சிலர் "டீலர்" என்பார்கள். என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் சட்டம் முடிவு செய்வதில்லை. அவர்களின் வணிக முறையில் நீங்கள் கடை நடத்துகிறீர்களா, அவர்களின் பெயரைப் பயன்படுத்துகிறீர்களா, உங்கள் கடையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா, அதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது ஃபிரான்சைஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பதிவைத் தவிர்க்க இவ்வளவு சிரமப்படும் ஒருவரிடம் அப்பாவின் பணத்தைக் கொடுப்பதா என்று யோசியுங்கள்.

பத்து நாள், ஏழு நாள், ஐந்து வருடம்

சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பில் மூன்று எண்கள் முக்கியம்.

ஒப்பந்தத்தின் நகலும், வெளிப்படுத்தல் ஆவணமும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும். கட்டணங்கள், கடமைகள், நிறுவனத்தின் நிதி நிலைமை எல்லாம் அதில்தான் இருக்கும். கண்காட்சியில் நின்றுகொண்டு "இன்னிக்கு சைன் பண்ணா 20 விழுக்காடு கழிவு" என்று சொல்பவர், உங்களுக்குச் சட்டப்படி உள்ள பத்து நாளைத்தான் கழிக்கப் பார்க்கிறார்.

கையெழுத்திட்ட பிறகும் குறைந்தது 7 வேலை நாள் மனம் மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. அதற்குள் ரத்து செய்தால், ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது. இது உங்களுக்கு நல்லதுதான். இரண்டு வருடம் நீங்கள் வாடிக்கையாளரைச் சேர்த்த பிறகு, "சரி, இனி நாங்களே நடத்திக்கிறோம்" என்று அவர்கள் கடையைப் பிடுங்க முடியாது. இடையில் ஒப்பந்தத்தை முறிக்கவும் தகுந்த காரணம் வேண்டும், தவறு இருந்தால் திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். ஆனால் அதே ஐந்து வருடம் உங்களையும் கட்டிப்போடுகிறது. கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்குத்தான் போடப்படும். மூன்றாம் வருடம் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினால், பிராண்டோடு உங்களுக்கு இன்னும் இரண்டு வருடப் பொறுப்பு மிச்சம் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் நீட்டிக்கும் உரிமையையும், எவ்வளவு வரை ஏற்றலாம் என்ற வரம்பையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு.

குடும்பத்தையும் சேர்த்துக் கட்டும் ஒரு விதி

சட்டத்தின் 27-ஆவது பிரிவைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்திலும், அது முடிந்த பிறகு 2 ஆண்டுகளுக்கும், அதே மாதிரியான வேறு வணிகத்தை நடத்த மாட்டேன் என்று நீங்கள் எழுத்துப்பூர்வமாக உறுதி தர வேண்டும். இந்த உறுதி உங்களோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் இயக்குநர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி, நெருங்கிய குடும்பத்தினர், ஊழியர்கள் வரை போகிறது.

நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் ஒரு காப்பி பிராண்டை எடுக்கிறீர்கள், உங்கள் மனைவி ஏற்கெனவே சின்னதாக ஒரு காப்பிக் கடை வைத்திருக்கிறார் என்றால், கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து, "தொழில் கத்துக்கிட்டேன், இனி சொந்தப் பேர்ல போடுறேன்" என்று நினைத்தாலும் இந்த விதி குறுக்கே வரும்.

இதில் மலேசியாவே கவனித்த ஒரு வழக்கு உண்டு. தைவானின் சாடைம் பபிள் டீயை இங்கே நடத்தி வந்தது லூப் ஹோல்டிங்ஸ். 2017 ஜனவரியில் தைவானின் லா காஃபா நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அடுத்த மாதமே லூப், 150-க்கும் மேற்பட்ட கடைகளை டீலைவ் என்ற புதிய பெயருக்கு மாற்றியது. வாடிக்கையாளருக்குப் பெயர்ப்பலகைதான் மாறியது. ஆனால் வழக்கு நீதிமன்றம் போனது. 2018 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் லா காஃபா பக்கம் நின்றது. அந்தத் தடை அப்படியே நின்றிருந்தால் அத்தனை கடைகளும் மூட வேண்டிய நிலை. பிறகு அதே ஆண்டில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்ததால் டீலைவ் தப்பியது.

லூப்பிடம் பெரிய வழக்கறிஞர்களும், பேரம் பேசும் அளவுக்குக் கடைகளும் இருந்தன. ஒரே ஒரு கடை வைத்திருக்கும் உங்களிடம் அவை இருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். லூப்பின் கீழ் துணை ஃபிரான்சைஸ் எடுத்துக் கடை நடத்தியவர்கள் இந்தச் சண்டையைத் தொடங்கவில்லை. ஆனாலும் அவர்கள் எந்தப் பெயரில் கடை நடத்துவது என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

ஊர் என்ன சொல்கிறது?

ஈப்போ சின்ன ஊர் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி மாநகர் மன்ற எல்லைக்குள் 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். வாடகை கோலாலம்பூரைவிடக் குறைவு. இதை வைத்துத்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள், "வாடகை பாதி, ஜனம் இருக்கு, லாபம் கியாரண்டி" என்று. வருமானத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். 2022-இல் நாட்டின் நடுநிலை குடும்ப வருமானம் மாதம் 6,338 ரிங்கிட். கோலாலம்பூரில் அது 10,000-ஐத் தாண்டியது. பேராக் மாநிலத்தில் 4,500 ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. ஈப்போ மாநில சராசரியைவிட மேல் என்றாலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் 14 ரிங்கிட்டுக்கு விற்கும் பானத்தை அதே விலைக்கு, அதே வேகத்தில் இங்கே விற்க முடியாது. பிராண்டோ விலையை நாடு முழுக்க ஒன்றாகத்தான் வைத்திருக்கும்.

அடுத்தது, ஈப்போவின் நாக்கு. வெள்ளைக் காப்பிக்கும் தாவ்கே கோழிக்கும் பெயர் போன ஊர் இது. நம் ஆட்கள் புந்தோங்கில் தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்கும் கச்சாங் பூத்தேவுக்கு வெளியூரிலிருந்து வண்டி போட்டு வருகிறார்கள். நாடு முழுக்கப் பரவிய ஓல்ட்டவுன் வெள்ளைக் காப்பி இங்கே பிறந்ததுதான், 2018-இல் அதை ஐரோப்பாவின் ஜேக்கப்ஸ் டவ் எக்பர்ட்ஸ் வாங்கிக்கொண்டது. அதாவது, உங்கள் பிராண்டுக்கு இங்கே எதிராளி இன்னொரு பிராண்ட் மட்டும் இல்லை. சில ரிங்கிட்டுக்கு நல்ல காப்பி தரும் பழைய கோப்பித்தியாமும் எதிராளிதான். அங்கே ராயல்டி கிடையாது, சில இடங்களில் வாடகையும் கிடையாது, கட்டடமே அவர்களுடையது.

வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பழைய நகரப் பகுதி சுற்றுப்பயணிகளால் நிரம்பி வழியும். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சுற்றுப்பயணி ஈப்போவுக்கு வருவது கோலாலம்பூரில் கிடைக்கும் அதே பானத்தைக் குடிக்க அல்ல. ஃபிரான்சைஸ் கடைக்குச் சோறு போடுவது உள்ளூர்க்காரர்கள், அதுவும் வார நாளில். மேரு ராயா, பெர்ச்சாம், குனோங் ராப்பாட், கிரீன்டவுன் என்று ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு ஓட்டம். கிரீன்டவுனில் அலுவலக நேரக் கூட்டம், குடியிருப்புப் பகுதிகளில் மாலைக்குப் பிறகுதான் ஆள் நடமாட்டம். உங்கள் பொருள் காலை பொருளா, இரவு பொருளா என்று தெரியாமல் இடம் பிடிக்காதீர்கள்.

இப்போ கணக்கு

ஒரு பானக் கடையை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் எந்த பிராண்டுடையதும் அல்ல, கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தின் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

தொடக்கக் கட்டணம், அலங்காரம், இயந்திரம், முன்பணம் எல்லாம் சேர்த்து முதலீடு 250,000 ரிங்கிட். ஒரு கோப்பை சராசரி 9 ரிங்கிட். ஒரு நாளைக்கு 222 கோப்பை விற்றால் சுமார் 2,000 ரிங்கிட், மாதம் 60,000. நல்ல வியாபாரம் மாதிரித்தான் தெரிகிறது.

இதில் சரக்கும் பொட்டலமும் 38 விழுக்காடு என்றால் 22,800 போய்விடும். ராயல்டி 6 விழுக்காடு, 3,600. விளம்பர நிதி 2 விழுக்காடு, 1,200. விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு உணவு விநியோகச் செயலி வழியாக வந்து, அதற்கு 30 விழுக்காடு கமிஷன் கட்டினால் இன்னொரு 6,000. வாடகை 5,500 என்று வைப்போம்.

ஊழியர் ஆறு பேர், தலைக்கு 1,900. குறைந்தபட்ச சம்பளம் 2025-இல் 1,700 ஆகிவிட்டது. பிப்ரவரியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கி, ஆகஸ்ட் முதல் சிறு கடைகளுக்கும் வந்துவிட்டது. அந்தச் சம்பளத்தில் ஆள் நிற்க மாட்டார், கொஞ்சம் கூட்டித்தான் தர வேண்டும். இதற்கு மேல் முதலாளியாக உங்கள் பங்கு ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, பிறகு சொக்சோ, வேலைக் காப்புறுதி. எல்லாம் சேர்த்தால் 13,100 ஆகிவிடும். மின்சாரம், தண்ணீர், இணையம், உரிமம், பழுது, 3,500.

கூட்டிப் பாருங்கள், 55,700. மிச்சம் 4,300.

இப்போது 250,000-ஐ 60 மாதத்துக்குப் பிரியுங்கள். மாதம் 4,167. அதாவது ஐந்து வருடம் ஒழுங்காகக் கடை நடத்தினால், போட்ட பணத்தை எடுத்திருப்பீர்கள். உங்களுக்குச் சம்பளம் இல்லை, கடனுக்கு வட்டி இல்லை, வருமான வரியும் இதில் சேரவில்லை. ஒப்பந்தமும் அங்கே முடிந்துவிடும், நீட்டிக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

விற்பனை 10 விழுக்காடு குறைந்தால்? மிச்சம் 4,300 இல்லை, 1,660. பத்து விழுக்காடு சரிவு லாபத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. பக்கத்து வரிசையில் இன்னொரு பானக் கடை வந்தாலே போதும். மறுபக்கம், விற்பனை 20 விழுக்காடு கூடினால் மிச்சம் 9,580. அப்போதுதான் இது தொழில். எனவே உங்கள் கேள்வி "நல்ல பிராண்டா?" என்பதோடு நிற்கக்கூடாது. "இந்த இடத்தில், செவ்வாய்க்கிழமையிலும் 270 கோப்பை போகுமா?" என்று கேட்க வேண்டும்.

இன்னும் ஒரு எண்ணைப் பாருங்கள். இந்தக் கடை லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் இடம், மாதம் சுமார் 50,200 ரிங்கிட் விற்பனை. அந்த மாதம் உங்கள் கையில் பூஜ்யம். தலைமையகத்துக்கோ ராயல்டியும் விளம்பர நிதியுமாக 4,000 ரிங்கிட் போயிருக்கும், ஏனென்றால் அவர்கள் எடுப்பது விற்பனையிலிருந்து, லாபத்திலிருந்து அல்ல. இது ஏமாற்று இல்லை, ஃபிரான்சைஸ் வேலை செய்யும் விதமே இதுதான். ஆனால் "நாங்க ஜெயிச்சாதான் அவங்களும் ஜெயிக்க முடியும்" என்ற பேச்சை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். விளம்பர நிதி வாங்கினால் அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தில் ஈப்போவுக்கு என்ன விளம்பரம் செய்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

வாடகையில் இன்னொரு புதுச் செலவும் எட்டிப் பார்க்கிறது. 2025 ஜூலை முதல் வணிக இட வாடகை மீதும் சேவை வரி வந்திருக்கிறது. சிறு வணிகர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் விற்பனை அளவும், கட்டட உரிமையாளரின் நிலையும் அதில் எங்கே வருகிறது என்று கையெழுத்துக்கு முன் சுங்கத் துறையின் நடப்பு வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எந்தத் துறை?

எங்கள் கருத்தைக் கேட்டால், நடுத்தர நகரத்தில் பானக் கடைதான் ஆபத்தானது. திறப்பது சுலபம், அதனால் எல்லாரும் திறப்பார்கள். 2019-இல் சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 பக்கம் ஒரே சாலையில் வரிசையாகப் பபிள் டீ கடைகள் முளைத்ததையும், பிறகு அவற்றில் பல காணாமல் போனதையும் பார்த்திருப்பீர்கள். பெரிய நகரத்தில் ஓர் அலை ஓய்ந்தால் அடுத்த அலைக்கு ஆள் இருக்கும். ஈப்போவில் அதே ஆட்கள்தான், அலை ஓய்ந்தால் ஓய்ந்ததுதான்.

கூட்டம் சேராத, ஆனால் திரும்பத் திரும்ப வரும் தேவை உள்ள துறைகளைப் பாருங்கள். பாலர் பள்ளி, கணிதம், மொழி வகுப்புகள் போன்றவற்றில் ஒரு பிள்ளை சேர்ந்தால் வருடக்கணக்கில் இருக்கும், மாதக் கட்டணம் முன்கூட்டியே வரும். நல்ல ஆசிரியர் கிடைப்பதுதான் அங்கே சிரமம், கடை உங்களுடையது என்றாலும் பெற்றோர் ஆசிரியரைத்தான் நம்பி வருகிறார்கள். மூத்தோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பேராக் முன்னணியில் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் ஈப்போவில் தனியாக. மருந்தகம், கண்ணாடிக் கடை, செவித்திறன் கருவி, முதியோர் பராமரிப்பு என்று இந்தப் பக்கம் தேவை கூடிக்கொண்டே போகும். ஆனால் இவற்றில் சிலவற்றுக்குத் தகுதி பெற்ற நிபுணரும் தனி உரிமமும் வேண்டும், பணம் மட்டும் இருந்தால் ஆகாது. தானியங்கி சலவைக் கடைக்கு ஆள் செலவு குறைவு. அதனாலேயே அடுத்த சந்தில் இன்னொன்று வந்துவிடும்.

உணவுதான் வேண்டும் என்றால் ஹலால் சான்றிதழைக் கவனியுங்கள். பிராண்டின் மற்ற கிளைகளுக்கு இருக்கிறது என்பதால் உங்கள் கடைக்கும் தானாக வந்துவிடாது.

வெளிநாட்டுப் பெயர் பெரிது என்பதற்காகவும் மயங்க வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸா போரையொட்டி எழுந்த புறக்கணிப்பில், மலேசியாவில் சில உலக பிராண்டுகளின் கடைகள் காலியாகக் கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். இங்கே ஸ்டார்பக்ஸை நடத்துவது உள்ளூர் நிறுவனமான பெர்ஜாயா ஃபூட். அது தொடர்ந்து நஷ்டம் காட்டியது. கேஎஃப்சியை நடத்தும் கியூஎஸ்ஆர் 2024-இல் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் தற்காலிகமாக மூடியது, சவாலான பொருளாதாரச் சூழலைக் காரணமாகச் சொன்னது. புறக்கணிப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். வேறொரு நாட்டில் நடப்பது உங்கள் கடையின் கல்லாவை எட்டும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனம் நூறு கடையை மூடி மறுபடி திறக்கும். ஒரே கடை வைத்திருப்பவரால் முடியாது.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய கால் வேலை

தலைமையகம் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் கடை, அவர்களின் சிறந்த கடையாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது தைப்பிங், சிரம்பான், குளுவாங் மாதிரி ஊர்களில் இருக்கும் கிளைகளை. சாதாரண வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கடை திறந்ததும் ஒன்று வாங்குங்கள், மூடும் நேரத்தில் இன்னொன்று வாங்குங்கள். இரண்டு ரசீதின் வரிசை எண்ணைக் கழித்தால் அன்று எத்தனை ரசீது போட்டார்கள் என்று தோராயமாகத் தெரியும். சில கடைகளில் எண் வேறு மாதிரி ஓடும், ஆனாலும் முயற்சிக்கு 18 ரிங்கிட்தான் செலவு. இரண்டு மூன்று ஊரில் செய்து பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி காட்டும் கணிப்புத் தாளைவிட இது நம்பகமானது.

அங்கே இருக்கும் உரிமையாளரிடமும் பேசுங்கள். "லாபம் எவ்வளவு?" என்று கேட்டால் சொல்ல மாட்டார். "மறுபடி ஒரு கடை எடுக்கணும்னா இதே பிராண்டை எடுப்பீங்களா?" என்று கேளுங்கள், பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். முடிந்தால், ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். நம் சமூகத்தில் இது அவ்வளவு கஷ்டம் இல்லை, மாமாவுக்குத் தெரிந்தவர், அத்தைக்குத் தெரிந்தவர் என்று யாராவது இருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் உங்கள் எல்லை எது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஈப்போ" என்று பொதுவாகப் போட்டிருந்தால் போதாது. அந்த எல்லைக்குள் வேறு கிளை திறக்கக்கூடாதா, அல்லது நீங்கள் அங்கே கடை வைக்கலாம் என்பது மட்டும்தானா? விநியோகச் செயலியில் பக்கத்துக் கிளை உங்கள் பகுதி வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா? இந்த இரண்டாவது கேள்வியைப் பழைய ஒப்பந்த நமூனாக்கள் பல தொடுவதே இல்லை.

சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் தொடங்கிவிட்டால் சொந்தச் சொத்துக்கு ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தலைமையகமும் வங்கியும் கட்டட உரிமையாளரும் உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்கினால், அந்தப் பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது. அப்பாவை இயக்குநராகச் சேர்த்திருந்தால் அவரும் கையெழுத்துப் போட வேண்டி வரும். இந்த ஒரு தாளுக்காகவாவது சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வையுங்கள், பிராண்ட் சொல்லும் வழக்கறிஞர் பிராண்டின் வழக்கறிஞர்.

கடன் வாங்குவதாக இருந்தால், தனிநபர் கடனுக்குப் போகும் முன் தொழிலுக்கென்றே உள்ள நிதியைக் கேட்டுப் பாருங்கள். ஃபிரான்சைஸ் துறைக்கான அரசு அமைப்பு பெர்பாடானான் நேஷனல் பெர்ஹாட். இந்தியத் தொழில்முனைவர்களுக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்பூமி கோஸ் பிக்' மூலம் 100,000 ரிங்கிட் வரை கடன் தரப்பட்டது. பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும் அதே ஆண்டில் வந்தது. இந்த ஆண்டு ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா, ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று கிளையிலேயே நேரில் கேளுங்கள். ஒரு நன்மை, அவர்கள் உங்கள் கணக்கை ஒரு முறை குடைந்து பார்ப்பார்கள். நிராகரித்தால் எந்த எண் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், வெளிப்படுத்தல் ஆவணத்தின் பத்து நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைமையகத்திடம் வையுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம், மின்னஞ்சலில் வரட்டும்.